கோழி.வேவ்

அம்மா கோழிகளைக் கூப்பிடுகிற சத்தம் பதினொரு செக்கன் நீளம். இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம், ஒரு காலத்தில் அதை 88,000 பைட்டுக்குள் அடக்கி வைத்திருந்தேன். "ப்பா, ப்பா, ப்பா" என்று தாழத் தொடங்கும். ஏழாவதோ எட்டாவதோ கூப்பிடும்போது குரல் ஒரு படி ஏறும். வேலிக்கரையில் கிளறிக்கொண்டு நின்றதுகள் செட்டையடித்து ஓடி வரும். கடைசி இரண்டு செக்கனில் றோட்டால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும். 2003இல் ஓமந்தையில், எங்கள் முற்றத்தில் பதிந்தது. கோழி.வேவ் என்று பெயர் வைத்தேன்.

அந்தக் கோப்பு இரண்டே இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஒன்று என் காற்சட்டைப் பையில் இருந்த பிளொப்பி. மற்றது ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மாமாவின் மகன், என் மச்சானுடைய கொம்பியூட்டர்.

எங்கள் ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1997 மே மாதம் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது ஓமந்தையை விட்டு ஓடினோம். வவுனியா பூந்தோட்டம் முகாமில் ஐந்து வருசம். 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது, நாங்கள் திரும்பி வந்தோம். வளவில் வீடு இல்லை. கிணறு இருந்தது. பின்பக்கத்துப் பாலை மரம் நின்றது. அதற்கப்பால் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. அம்மா முதல் செய்த வேலை, நாலு கோழிக்குஞ்சு வாங்கியது. கூரை அதற்குப் பிறகுதான்.

ஓமந்தை என்றால் அந்த நாளில் இலங்கை முழுக்கத் தெரியும். தெற்கே இராணுவத்தின் சோதனைச் சாவடி, வடக்கே புளியங்குளத்தில் புலிகளின் சாவடி, நடுவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி. யாழ்ப்பாணம் போகிற எவரும் எங்கள் ஊரில் இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெரிய பெரிய சூட்கேசை வெயிலில் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொரு புதினமும் இருந்தது. 1996இல் கொழும்பு தன் மணிக்கூட்டை முன்னே நகர்த்தியபோது வன்னி நகர்த்தவில்லை. சாவடிக்கு இந்தப் பக்கம் எட்டு மணி என்றால் அந்தப் பக்கம் ஏழரை. கிளிநொச்சிக்குப் போகிறவன் அரை மணித்தியாலம் சம்பாதிப்பான், திரும்பி வரும்போது அதைக் கட்டிவிட்டு வருவான். எங்கள் வீடு இராணுவப் பக்கம், ஆகவே எங்களுக்கு எட்டு. எட்டு மணி எனக்கு முக்கியமான நேரம். மார்கழி, தை மாதங்களில் இங்கே காலை எட்டு என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பது. மச்சான் வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து அறைக்குள் நுழைகிற நேரம்.

அறை என்றால் சட் ரூம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தேன். வவுனியாவில் கொம்பியூட்டர் படிக்கிறேன் என்று சொல்லி, வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறுவேன். படித்ததும் உண்மைதான். வகுப்பு பத்து மணிக்கு. ஆனால் நான் ஏழு மணி பஸ்சைப் பிடிப்பேன். நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்ரர்நெற் கடையில் பலகைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு விண்டோஸ் 98. கடைக்கார அண்ணை வந்து மோடத்தைப் போடும்போதே எங்களுக்கு நெஞ்சு இடிக்கும். முதலில் ரெலிபோன் மணிச் சத்தம், பிறகு யாரோ தகரத்தைப் பல்லால் கடிக்கிறமாதிரி ஒரு கீச்சு, பிறகு இரைச்சல், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் இணைப்பு கிடைத்ததற்கு அடையாளம்.

மற்றப் பெடியள் யாகூ மெசஞ்சரில் இருந்தார்கள். மச்சான் எனக்குச் சொல்லித் தந்தது எம்.ஐ.ஆர்.சி. பின்லாந்தில் 1988இல் ஒரு மாணவர் தொடக்கிய ஐ.ஆர்.சி. என்கிற பழைய அரட்டை முறைக்கு, 1995இல் வந்த விண்டோஸ் வாசல் அது. வெள்ளைத் திரை, வலப்பக்கம் பெயர்ப் பட்டியல், கீழே ஒரு வரி. படம் கிடையாது, மஞ்சள் முகங்கள் கிடையாது. முதல் நாள் பார்த்துவிட்டு, இது என்ன வங்கிக் கணக்குப் புத்தகம்போல இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு மச்சான் ஒரு வரி தட்டினான். என் ஹெட்போனுக்குள் ஒரு எக்காளம் ஊதியது.

அது விண்டோசோடு வருகிற 'டாடா' என்ற சத்தம். ஒரு சாய்வுக் கோடு, சவுண்ட் என்ற சொல், கோப்பின் பெயர். இவ்வளவையும் தட்டினால் அறையில் இருக்கிற எல்லாருடைய கொம்பியூட்டரும் அந்தச் சத்தத்தைப் போடும். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். அரட்டை அறைகளிலும் இதே வித்தை இருந்தது. அங்கே நெளிவு அடைப்புக்குறி ஒன்றும் எஸ் என்ற எழுத்தும் போட்டுப் பெயரைத் தட்டுவார்கள். எனக்கு அது மந்திரவாதம். பத்து வருசத்துக்கு முன் இதே ஓமந்தையில், பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட பிள்ளை நான். அப்பாவும் அயலவர்களும் சுற்றிவர இருந்து செய்தி கேட்பார்கள், சுற்றுவது என் வேலை. கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அப்படி ஒரு குரலுக்குத் தோள்மூட்டால் விலை கட்டியவனுக்கு, விரலால் ஒரு வரி தட்டி ஸ்காபரோவில் எக்காளம் ஊதலாம் என்றால் எப்படி இருக்கும்?

பிறகுதான் உள்ளே நடப்பது விளங்கியது. சத்தம் கடல் கடந்து போகவில்லை. பெயர்தான் போனது. 'டாடா' என்ற பெயர் ரொறன்ரோவிலிருந்து வந்தது. என் கொம்பியூட்டர் தன் பெட்டிக்குள் தேடி, அதே பெயரில் ஒன்று கிடந்ததால் போட்டது. அந்தப் பெயரில் ஒன்றும் இல்லாவிட்டால் மௌனம். திரையில் பெயர் மட்டும் ஒரு வரியாகக் கிடக்கும். மோடம் வழியாகத் துளித் துளியாக எழுத்து வருகிற காலத்தில், சத்தத்தையே ஒவ்வொரு தடவையும் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இரண்டு பக்கத்திலும் முன்கூட்டியே இருக்கிற சத்தத்தை ஒரு சொல்லால் எழுப்புகிற ஏற்பாடு. கெட்டித்தனமான வேலை, கொஞ்சம் கள்ள வேலையும்கூட.

இதனால் என்ன நடந்ததென்றால், அறைக்குப் புதிதாக வருகிற எவனுக்கும் அறையில் இருக்கிறவர்களுக்கும் பொதுவாக இருந்தவை விண்டோசின் சத்தங்கள் மட்டும். டாடா, டிங், சைம்ஸ், கோர்ட். ஒஸ்லோவில் இருந்தவளும் பாரிசில் இருந்தவனும் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவனும் சந்தித்துக்கொண்டால், எல்லாருக்கும் தெரிந்த தாய்மொழி இந்த நாலு சத்தம். அறைக்குள் பழகப் பழகத்தான் சொந்தச் சத்தங்கள் சேரும். கவுண்டமணி, வடிவேலுவின் வசனங்களை வெட்டி வைத்திருந்தார்கள். ஒருவன் சிரிப்பு மட்டும் முப்பது வகை வைத்திருந்தான். உன்னிடம் இல்லாத சத்தத்தை ஒருவன் போட்டால், ஆச்சரியக்குறி போட்டு அவன் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்ட வேண்டும். அவனுடைய கொம்பியூட்டர் அதை உனக்கு அனுப்பி வைக்கும். ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே இப்படிப் பிச்சை வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்கமில்லாமல் கேட்போம்.

இன்னொரு வேடிக்கை. இயந்திரம் பெயரைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. உன்னிடம் அதே பெயரில் வேறொரு சத்தம் இருந்தால் அதுதான் உனக்குக் கேட்கும். நான் ஒருநாள் மழை.வேவ் என்று போட்டேன். எனக்கு எங்கள் தகரக் கூரையில் விழுந்த மழை கேட்டது. ஒஸ்லோக்காரிக்கு ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் தொடக்கம் கேட்டதாம். பாரிஸ்காரன் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே செய்தான்: அம்மா.வேவ் என்ற பெயரில் ஒரு கழுதைக் கத்தலை எல்லாருக்கும் பங்கிட்டுவிட்டு, யாராவது உருக்கமாக எதையாவது எழுதும்போது அதைப் போடுவான். அவனை இரண்டு தடவை அறையை விட்டு உதைத்தார்கள். மூன்றாவது நாள் வந்து டாடா ஊதினான்.

ஒரு விசயத்தை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். அந்த அறையில் தமிழ் எழுத்து இல்லை. பாமினி எழுத்துருவில் கடிதம் அடிக்கலாம், கல்யாணக் காட்டு அடிக்கலாம். அரட்டை அறையில் அது குப்பையாகத்தான் தெரியும். ஆகவே எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினோம். லகர ளகர ழகரம் மூன்றும் ஒரே எழுத்து. 'வலி' என்று எழுதினால் வழியா, வளியா, நோவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோர்வேயில் பிறந்த ஒரு பெட்டை, தான் எழுத்தில் மட்டும் பழகிய தமிழை வைத்துக்கொண்டு 'மழை'யை 'மசாய்' மாதிரி ஏதோ உச்சரிப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். அந்த அறைக்குள் ழகரம் ழகரமாகவே வந்த வழி ஒன்றுதான், அது வேவ் கோப்பு. யாராவது ஒருவரின் தொண்டைக்குள்ளிருந்து வந்த தமிழ்.

"எங்கட ஊர்ச் சத்தம் ஏதும் போடடா" என்று மச்சான்தான் கேட்டான்.

அவன் 1989இல் பத்து வயதில் போனவன். எனக்கு அப்போது நாலு வயது. அவனுக்கு ஓமந்தையின் முகங்கள் மறந்துபோய்விட்டன, சத்தங்கள் மறக்கவில்லை என்று சொன்னான். பட்டியல் ஒன்று எழுதி அனுப்பினான்: மயில். கிணற்றுக் கப்பி. மாரியில் குளத்துத் தவளை. அப்பம்மா கோழி கூப்பிடுகிறது. ரயில்.

அப்பம்மா என்றால் எனக்கு அம்மம்மா. ஒரே மனிசிதான். பூந்தோட்டத்தில் இருக்கும்போது, 1999இல் மோசம் போய்விட்டா. ஆனால் அம்மா கோழி கூப்பிட்டால் அவவின் குரல்தான் வரும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள்.

வேலை தொடங்கியது. அப்பாவின் பழைய ரேப்றெக்கோடர் ஒன்று, முன்பக்கத்தில் ஊசித் துவாரங்களோடு மைக் உள்ளேயே இருக்கிற வகை. இப்போது பற்றரி தாராளமாகக் கிடைத்தது. நாலு புதுப் பற்றரியை ஒரே நேரத்தில் உள்ளே போடுவதே ஆடம்பரமாக இருந்தது. பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு இரவுக்குப் பாவித்த ஆட்கள் நாங்கள். மயிலுக்காக இரண்டு விடியற்காலம் பாலை மரத்தடியில் குந்தியிருந்தேன். றெக்கோடரை அமத்தினால் மயில் அகவாது, நிற்பாட்டினால் அகவும். கப்பி சுலபம். அம்மாதான் பெரும்பாடு. றெக்கோடரைக் கண்டதும் அம்மா மேடைப் பேச்சுக்குப் போகிறமாதிரி தொண்டையைச் செருமி, "வணக்கம் மருமகன், நாங்கள் நல்ல சுகம்" என்று தொடங்கினா. கோழிகள் திகைத்து நின்றன. நான் றெக்கோடரைக் குரக்கன் கடகத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அடுத்த நாள் பிடித்தேன்.

கசெற்றைக் கடைக்குக் கொண்டுபோய், இரண்டு முனையிலும் ஊசி உள்ள ஒரு வயரால் கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் கொழுவி, விண்டோசின் சவுண்ட் றெக்கோடரில் பதிந்தேன். அது அறுபது செக்கனுக்கு மேல் ஒரே மூச்சில் பதியாது. தரத்தை ஆகக் கீழே இறக்கினால் ஒரு செக்கனுக்கு 8,000 பைட். 1.44 எம்.பி. பிளொப்பி ஒன்றில் மொத்தம் மூன்று நிமிசச் சத்தம் கொள்ளும். ஓமந்தை முழுவதையும் மூன்று நிமிசத்துக்குள் சுருக்கு என்று ஒருவன் கட்டளையிட்டமாதிரி. இருந்து வெட்டினேன். மயிலுக்கு நாலு செக்கன். கப்பிக்கு ஐந்து. தவளைக்குப் பத்து கொடுத்து, பிறகு மனமில்லாமல் ஏழாக்கினேன். கோழியில் கைவைக்க முடியவில்லை, பதினொன்றையும் விட்டேன்.

பிளொப்பி ஏன் என்றால், கடைக் கொம்பியூட்டர்களில் ஒரு காவல் மென்பொருள் இருந்தது. இரவில் நிற்பாட்டிக் காலையில் போட்டால், முதல் நாள் நாங்கள் ஏற்றிய எல்லாம் துடைத்துப் போயிருக்கும். ஒவ்வொரு காலையும் நான் வெறும் டாடாவோடுதான் தொடங்க வேண்டும். பிளொப்பியைச் செருகி, கறகறவென்ற சத்தத்தோடு ஊரை உள்ளே இறக்கி, அதற்குப் பிறகுதான் அறைக்குள் போவேன்.

அனுப்புவதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்த அறைகளில் கோப்பு ஆளுக்கு ஆள் நேரே போகும். அனுப்புகிறவனின் கொம்பியூட்டர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க, வாங்குகிறவன் வந்து எடுத்துப் போவான். கடையில் ஒரே இணைப்பை எட்டுக் கொம்பியூட்டர்கள் பங்கு போட்டன. வெளியே இருந்து பார்த்தால் எட்டுக்கும் ஒரே முகவரி, உள்ளே எந்தத் தடுப்புக் கதவு என்று வெளியாளுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் வெளியிலிருந்து எதையும் வாங்கலாம், எங்களால் ஒன்றும் கொடுக்க முடியாது. மச்சானின் முப்பது சினிமா வசனங்களும் வழுக்கிக்கொண்டு வந்தன. என் மயில் கடைவாசலைத் தாண்டவில்லை. அண்ணையிடம் முறையிட்டேன். "வெளிநாட்டுக்காரர் தாறதுதானே தம்பி வழமை. நாங்கள் என்னத்தைக் குடுத்தனாங்கள்?" என்று சொல்லிவிட்டுப் பில் எழுதினார். கடைசியில் ஹொட்மெயிலில் இணைத்து அனுப்பினேன். அந்தப் பெட்டி மொத்தமே 2 எம்.பி.; முதலில் பழைய கடிதங்களை அழிக்க வேண்டியிருந்தது. அழித்தேன்.

ஒரு காலை, எட்டுப் பத்துக்கு, அறையில் பதினைந்து பேர் இருக்க, நான் கோழி.வேவ் என்று போட்டேன். அறைக்கு அது வெறும் பெயர். பாரிஸ்காரன் உடனே ஆச்சரியக்குறி போட்டுக் கேட்டான். நான் அனுப்ப முடியாது என்றேன். மற்றவர்கள் ஏதோ கதைத்துக்கொண்டு போனார்கள். மச்சான் ஒன்றும் எழுதவில்லை. பிறகு அவன் பக்கத்திலிருந்து அதே வரி வந்தது: கோழி.வேவ். என் ஹெட்போனில் அம்மா கூப்பிட்டா. கொஞ்சம் பொறுத்து நான் திருப்பிப் போட்டேன். அவன் போட்டான். பதினைந்து பேருக்கு நடுவில், வேறு யாருக்கும் கேட்காமல், இரண்டு பேர் ஒரு மனிசியைக் கொண்டு கோழி கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் யாரோ, "உங்கள் இரண்டு பேருக்கும் என்ன விசரோ" என்று ஆங்கில எழுத்தில் கேட்டார்கள்.

ரயில்தான் கிடைக்கவில்லை. 1956இலிருந்து ஓடிய யாழ்தேவி 1990இல் நின்றது. 2003இல் ஓமந்தையில் தண்டவாளமே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பாதை இருந்த மேட்டில் பற்றை வளர்ந்திருந்தது. மச்சானுக்கு இதைச் சொன்னால் நம்புகிறான், ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. சரி என்று ஒருநாள் வவுனியா ஸ்ரேசனுக்கு றெக்கோடரோடு போனேன். பாதுகாப்புக்கு நின்றவர்களுக்கு, எதற்காக ரயிலின் சத்தத்தைப் பதிகிறேன் என்று மூன்று பேருக்கு மூன்று தடவை விளங்கப்படுத்தினேன். ஒருவர் கசெற்றைப் போட்டுக் கேட்டார், மயிலும் அம்மாவும் வந்ததும் சிரித்துவிட்டு விட்டார். கொழும்பிலிருந்து வந்த வண்டி கூவியதைப் பதிந்து, வெட்டி, ரயில்.வேவ் என்று அனுப்பினேன்.

"இது ஓமந்தை ரயில் இல்லை" என்று மச்சான் எழுதினான்.

வாதாடினேன். ரயில் என்றால் ரயில்தானே, எஞ்சின் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தானே கூவும். இல்லையாம். ஓமந்தையில் ரயில் வரும்போது முதலில் காடு கூவுமாம், அதற்குப் பிறகுதான் ரயில் கூவுமாம். அவன் சொன்னது எதிரொலியை என்று எனக்கு விளங்க இரண்டு நாள் சென்றது. எனக்கு அந்தச் சத்தம் நினைவில்லை. ரயில் நின்றபோது எனக்கு ஐந்து வயது. என்னிடம் இல்லாத ஒன்றின் பெயரை அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

2006க்குப் பிறகு எழுத அதிகம் இல்லை. அந்த வருசம் ஏப்ரலில் கொழும்பு மணிக்கூட்டைத் திரும்ப அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரமாயிற்று. ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 மூடியது. நாங்கள் அடுத்த வருசம் மறுபடி வவுனியா நகருக்கு வந்துவிட்டோம். கோழிகளை அயலில் கொடுத்துவிட்டு வந்தோம். இன்ரர்நெற் கடை ஆறு மணிக்கே பூட்டத் தொடங்கியது, பிறகு ஒருநாள் திறக்கவில்லை. மச்சானுக்குப் பிள்ளை பிறந்தது. எம்.ஐ.ஆர்.சி. அறையில் ஆட்கள் பத்தாகி, ஆறாகி, கடைசியில் கதவைக் காக்கிற ஒரு தானியங்கி மட்டும் இருந்ததாக அவன் சொன்னான். புலம்பெயர்ந்தவர்கள் பலர் ஏற்கனவே பால்ரோக் அறைகளுக்குப் போயிருந்தார்கள். அங்கே மைக் பிடித்து ஆளே பேசலாம், வேவ் யாருக்கு வேண்டும்?

2009இல் ஓமந்தை வேறொன்றாக மாறியது. வன்னியிலிருந்து வெளியேறிய சனம் எங்கள் ஊர்ச் சாவடியில்தான் இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, பஸ்களில் செட்டிகுளம் முகாம்களுக்கு ஏற்றப்பட்டது. புலிகள் இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததைப் பலர் பிறகு சாட்சியமாகச் சொன்னார்கள். அங்கே பிள்ளையைக் கையால் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று சொல்லும் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து வவுனியா வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்தார்கள். ஒருநாள் அந்தப் பக்கமாகப் போகும்போது, எந்த ஊர் தம்பி என்று ஒரு அம்மா கேட்டா. சொன்னேன். அவ என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தா. நான் சொன்ன பெயரில் என் பக்கத்தில் மயிலும் கப்பியும் இருந்தன. அவவின் பக்கத்தில் என்ன கேட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் ஊரைச் சொல்லும்போது, வவுனியாவுக்குக் கிட்ட என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

தண்டவாளம் 2011இல் ஓமந்தை வரை திரும்ப வந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வரை போனது. அடுத்த வருசம் சாவடியையும் எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பக் கட்டினோம். ரயில் வந்த முதல் கிழமையே நான் கைத்தொலைபேசியோடு மேட்டடிக்குப் போனேன். காடு முன்பிருந்த அளவு இல்லை. போர்க்காலத்தில் பாதையோரமாக வெட்டி வெளியாக்கியிருந்தார்கள். ரயில் கூவியது. அதற்கு முன்னால் ஒன்றும் கூவவில்லை. பதிந்ததை மச்சானுக்கு அனுப்பவில்லை.

சத்தங்கள் போன வழியை நான் ஒரு செத்தவீட்டுக் கணக்குப்போல வைத்திருக்கிறேன். யாகூவின் அரட்டை அறைகள் 2012 டிசம்பரில் மூடின. ஜன்னலையே உலுப்புகிற 'பஸ்ஸ்' சத்தத்துக்குப் பேர்போன அதன் மெசஞ்சர் 2018 யூலையில் போனது. 'அஹ் ஓ' என்று சின்னப்பிள்ளை சொல்வதுபோலச் செய்தி அறிவித்த ஐ.சி.க்யூ., அந்த மெசஞ்சருக்கு மூத்தது, 2024 யூன் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. எம்.ஐ.ஆர்.சி. மட்டும் இன்னும் இருக்கிறது. இறக்கிப் பார்த்தேன். சவுண்ட் கட்டளையும் இருக்கிறது. புதிய விண்டோசிலும் டாடா என்ற கோப்பு இருக்கிறது, தட்டிப் பார்த்தேன், ஊதியது.

இப்போது எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குரலைப் பதிந்து அனுப்பலாம், ஒரு மணித்தியாலம் வேண்டுமானாலும். மாமி பக்திப் பாடலையும் ரசத்துக்கான பக்குவத்தையும் குரலாக அனுப்புகிறா. நான் பாதி கேட்பேன். சத்தம் முழுசாக வந்து விழுகிறது, என் பக்கத்தில் எதுவும் இருக்கத் தேவையில்லை. வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பெயரைத் தட்டிவிட்டு, மற்றவனிடம் அது இருக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று செக்கன் எனக்கு வேண்டியிருக்கிறது. அதை யாரும் இப்போது விற்பதில்லை.

அம்மா போன வருசம் காலமானா. அந்திரட்டி முடிந்து, பந்தல் கழற்றி, ஆட்கள் போன பிறகு அலுமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். பிளொப்பி கிடைத்தது, என் கையெழுத்தோடு. வவுனியாவில் அதை வாசிக்கிற கருவி ஒரு கடையில் இருந்தது. உறையை நகர்த்தினால் உள்ளே காந்தத் தகட்டில் வெள்ளைப் பூஞ்சணம் வட்ட வட்டமாகப் பூத்திருந்தது. கடைக்காரப் பெடியன் மரியாதைக்காக ஒருதரம் செருகிப் பார்த்தான். கறகறவென்றது, அவ்வளவுதான். கசெற் 2007இல் வீடு மாறும்போதே போய்விட்டது.

அன்றிரவு மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினேன். அனுதாபமெல்லாம் ஏற்கனவே பரிமாறி முடிந்திருந்தது. அவன் வந்து நின்று, கொள்ளிக் குடம் சுற்றும்வரை இருந்து, திரும்பியும் போய்விட்டான். ஆகவே வேறொன்றும் எழுதவில்லை. சாய்வுக் கோடு, சவுண்ட், கோழி.வேவ்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. அவன் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது. அங்கே காலை பத்து மணி இருக்கும், வேலையிடத்தில் இருந்திருப்பான். நாலு கொம்பியூட்டர் மாற்றியிருப்பான் அதற்குள். கட்டிலடியில் இருந்த பெட்டி எந்த வருசம் குப்பைக்குப் போனதோ.

பதில் வந்தது. இருபது வருசத்துக்கு முன் அந்த அறையில் நான் வைத்திருந்த பெயரை அவன் மறக்கவில்லை.

!ஓமந்தையான் கோழி.வேவ்